நாரிஞ்செனின், லிமோனாய்டு (சிட்ரஸ் பழப் பொருள்கள்): கிருமியைக் கொல்லாமல் வாயடைக்கும் சோதனை (விவாத இழை)

#1 தோல்_சீவி

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கேன், குறை சொல்லுங்க. பம்பளிமாஸ் தோலை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பது. அதைக் காகித வட்டில் ஏற்றி, குரோமோபாக்டீரியம் வயலேசியம் சிவி026 (சமிக்ஞை கிடைத்தால் ஊதா நிறம் காட்டும் பாக்டீரியா வகை) விதைத்த தட்டில் வைத்து, ஊதா நிறம் வராத வட்டத்தை அளப்பது. வட்டம் வந்தால் கோரம் சென்சிங் (பாக்டீரியா ஒன்றுக்கொன்று வேதிச் சமிக்ஞை அனுப்பிக் கூட்டாக இயங்குவது) தடுப்பு என்று எழுதுவது. அடுத்து ஈ.கோலையில் பயோஃபிலிம் (பாக்டீரியா பரப்பில் ஒட்டிக் கட்டும் படலம்) குறைகிறதா என்று கிரிஸ்டல் வயலட் சாயத்தில் பார்ப்பது.

மூன்று சந்தேகம். வட்டம் ஒன்றே போதுமா? எவ்வளவு செறிவு போடுவது? சாற்றைப் பிழிந்து அப்படியே போட்டால் என்ன?

#2 மென்_அகார்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பிழிந்த சாற்றை அப்படியே போடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அந்தப் புளிப்பே பாதிக் கிருமியை முடித்துவிடும். புளிப்பைச் சமன் செய்தாலும் சர்க்கரை மிச்சம் இருக்கும், அது வேறு விதத்தில் கெடுக்கும்.

வட்டம் போதுமா என்றால், எந்த வட்டம் என்பதைப் பொறுத்தது. தட்டைக் கவிழ்த்து, பின்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வட்டைச் சுற்றி அகார் கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் அங்கே எதுவும் வளரவில்லை, உங்கள் சாறு கொல்லுகிறது. நிறம் இல்லாமல் கஞ்சித் தண்ணீர் மாதிரி மங்கலாக இருந்தால் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, ஊதா மட்டும் வரவில்லை. உங்களுக்கு வேண்டியது அதுதான். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்: உள்ளே தெளிந்த வளையம், அதைச் சுற்றி மங்கிய வளையம், அதற்கும் வெளியே ஊதா. இரண்டு விட்டத்தையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

மங்கிய வளையத்தில் ஊசி முனையால் தொட்டு, சி6-ஹெச்எஸ்எல் என்ற சமிக்ஞை மூலக்கூறு கலந்த புதுத் தட்டில் இழுத்து விடுங்கள். மறுநாள் ஊதா வந்தால் அந்தச் செல்கள் உயிரோடும் திறனோடும் இருந்தன என்று சொல்லலாம். சிவி026 தானாக அந்தச் சமிக்ஞையைத் தயாரிக்காது, வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அதை அகாரில் கலக்க மறந்துவிட்டு "முழுத் தட்டும் தடுக்கப்பட்டது" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

#3 வித்துக்கூடு

வேதியியல் பக்கம் சிலது. இந்தத் துறையில் பெயர்க் குழப்பம்தான் முதல் வில்லன்.

லிமோனீன் வேறு, லிமோனின் வேறு. லிமோனீன் தோலில் உள்ள எண்ணெய். ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். மூலக்கூறு எடை 136, காற்றில் பறந்துவிடும். லிமோனின் என்பது லிமோனாய்டு: எடை 470, பறக்காது, கசக்கும், விதையில் அதிகம். பிழிந்த சாறு சில மணி நேரத்தில் கசந்து போவதற்குக் காரணம் இதுவே. பழத்தில் கசப்பில்லாத முன்வடிவம் இருக்கும், பிழிந்ததும் புளிப்பில் வளையம் மூடி லிமோனின் ஆகிறது. ஓபாகுனோன், நோமிலின், ஐசோலிமோனிக் அமிலம் எல்லாம் இதே குடும்பம்.

நாரிஞ்சின், நாரிஞ்செனின் இரண்டும் அதே மாதிரிதான். நாரிஞ்சின் இரண்டு சர்க்கரையைச் சுமந்து நிற்கும், எடை 580. சர்க்கரையைக் கழற்றினால் நாரிஞ்செனின், எடை 272. பம்பளிமாஸ் தோலில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாரிஞ்சின். 2010-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு சிட்ரஸ் ஃபிளேவனாய்டுகளைச் சோதித்தபோது தலைப்பைப் பிடித்தது நாரிஞ்செனின். "இலக்கியத்தில் நாரிஞ்செனின் வேலை செய்கிறது" என்று எழுதிவிட்டு நாரிஞ்சினைப் போட்டால் தேர்வாளர் விடமாட்டார்.

எடுக்கும் முறை: வெள்ளைச் சதையைப் பொடியாக நறுக்கி, 90 டிகிரி தண்ணீரில் சில நிமிடம் வைத்துச் சூடாகவே வடிகட்டுங்கள். நன்றாக வற்றவைத்து 4 டிகிரியில் சில நாள் விட்டால் படிகம் இறங்கும். நாரிஞ்சின் சூட்டில் ஏராளமாகக் கரையும், குளிரில் மிகக் கொஞ்சமே கரையும், அந்த வித்தியாசம்தான் முறையின் உயிர். படிகம் வராமல் ஜெல்லி வந்தால் பெக்டின் அதிகம் என்று பொருள். எத்தனால் ஊற்றிப் பெக்டினைத் திரளவைத்து வடிகட்டிவிட்டுத் திரும்ப வற்றவையுங்கள்.

நாரிஞ்செனின் வேண்டும் என்றால் நீர்த்த அமிலத்தில் ரீஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பி விழும்படி கொதிக்கவைப்பது), அல்லது பிஹெச் 4, 50 டிகிரியில் நாரிஞ்சினேஸ் என்சைம். 1 கிராம் நாரிஞ்சினிலிருந்து கணக்குப்படியே அதிகபட்சம் 0.47 கிராம்தான் வரும். வேலை பாதியில் நின்றால் புரூனின் என்ற ஒற்றைச் சர்க்கரை வடிவம் கலந்திருக்கும், ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி) பார்க்காமல் தெரியாது. ஃபிளேவனோன்களுக்கு (நாரிஞ்சின், நாரிஞ்செனின் குடும்பம்) 280 நானோமீட்டர் சரி. லிமோனாய்டுக்கு அந்த அலைநீளத்தில் ஒன்றும் தெரியாது, 210-க்குப் போக வேண்டும்.

காரத்தில் கரைக்க ஆசைப்படாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடில் நாரிஞ்செனின் நன்றாகக் கரையும், கூடவே வளையம் திறந்து மஞ்சள் நிறச் சால்கோன் ஆகும்.

#4 தோல்_சீவி

நன்றி. அப்படியானால் சுத்தமான நாரிஞ்செனினை வாங்கி அளவுகோலாக வைத்துக்கொண்டு, தோல் சாற்றைப் பக்கத்தில் ஓட்டுகிறேன். செறிவு? சில கட்டுரைகளில் மைக்ரோமோலார், சிலதில் மில்லிக்கு மைக்ரோகிராம், சிலதில் "மில்லிகிராம் சாறு". தலை சுற்றுகிறது.

#5 மென்_அகார்

மோலாரில் நில்லுங்கள். 100 மைக்ரோகிராம்/மில்லி நாரிஞ்செனின் என்றால் 367 மைக்ரோமோலார். அதே 100 மைக்ரோகிராம் நாரிஞ்சின் 172 மைக்ரோமோலார்தான். எடையில் ஒப்பிட்டால் சர்க்கரை சுமப்பவன் எப்போதும் தோற்பான்.

படிகள்:

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 40 மில்லிமோலார் ஸ்டாக் (மூலக் கரைசல்): மில்லிக்கு 10.9 மில்லிகிராம். இதைத் தண்ணீரில் அல்ல, டிஎம்எஸ்ஓ-விலேயே பாதி பாதியாக நீர்க்கவும்: 40, 20, 10, 5, 2.5. ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோலிட்டரை 199 மைக்ரோலிட்டர் கல்ச்சரில் விட்டால் 200, 100, 50, 25, 12.5 மைக்ரோமோலார். எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ ஒரே 0.5 சதவீதம். பலர் செய்யும் தப்பு, ஒரே ஸ்டாக்கிலிருந்து 1, 2, 4 மைக்ரோலிட்டர் என்று ஏற்றிக்கொண்டே போவது. அப்போது டிஎம்எஸ்ஓ-வும் சேர்ந்து ஏறும், மருந்தின் விளைவா கரைப்பானின் விளைவா என்று பிரிக்க முடியாது. 1 மைக்ரோலிட்டர் கை நடுங்கும் அளவு என்றால் மொத்தக் கலவையை 2 மில்லி குழாயில் 10 மைக்ரோலிட்டர் விட்டுத் தயாரித்து, பிறகு குழிகளுக்குப் பகிருங்கள்.

பாக்டீரியா இல்லாத மீடியத்தில் அதே செறிவுகளை ஒரு வரிசை ஓட்டுங்கள். அரை மணி கழித்தும் 24 மணி கழித்தும் ஓடி 600 (600 நானோமீட்டரில் கலங்கல் அளவு) பாருங்கள். ஏறினால் வீழ்படிவு. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் ஊசி ஊசியாகத் தெரியும். அந்தச் செறிவுக்கு மேல் நீங்கள் எழுதும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை, கரைசலில் அவ்வளவு இல்லவே இல்லை.

முதல் வாரம் எம்ஐசி-யும் (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) வளர்ச்சி வரைகோடும் மட்டும். 24 மணி நேர ஓடி சமமாக இருந்தால் போதாது. தாமதமாகத் தொடங்கி இரவில் எட்டிப் பிடித்திருக்கலாம். அரை மணிக்கு ஒரு அளவாக முழு வரைகோடும் டிஎம்எஸ்ஓ குழியோடு ஒட்டிப் போகும் செறிவுகளை மட்டும் கோரம் சென்சிங் சோதனைக்கு எடுங்கள்.

ஊதாவை எண்ணாக்க: 1 மில்லி கல்ச்சரை 13,000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தைக் கொட்டி, 1 மில்லி டிஎம்எஸ்ஓ விட்டு, வண்டல் வெளுக்கும்வரை வோர்டெக்ஸ். மறுபடி சுழற்றி மேல் திரவத்தை 585 நானோமீட்டரில் படியுங்கள். வயலசீன் என்ற அந்த ஊதா நிறமி உருவாக ஆக்சிஜன் வேண்டும். அசையாத 96 குழித் தட்டில் நிறம் பாவமாக இருக்கும், குலுக்கும் குழாயில் 28 முதல் 30 டிகிரியில் வளருங்கள்.

சி6-ஹெச்எஸ்எல் எவ்வளவு என்பதில்தான் முடிவே அடங்கியிருக்கிறது. அதிகம் கொட்டினால் எந்தத் தடுப்பானும் தோற்கும், குறைவாகப் போட்டால் எதுவும் ஜெயிக்கும். மருந்து இல்லாமல் 0-விலிருந்து 5 மைக்ரோமோலார் வரை ஒரு வரைகோடு போட்டு, அரை அளவு ஊதா வரும் இடத்தைப் பிடியுங்கள். உங்கள் ஆய்வகத்தின் எண் அதுதான், கட்டுரையிலிருந்து எடுக்காதீர்கள். ஸ்டாக்கைச் சிறிது அசெட்டிக் அமிலம் சேர்த்த எத்தில் அசிட்டேட்டில் வைத்து, தேவையானதைக் குழாயில் விட்டு உலரவைத்து, அதன்மேல் மீடியம் ஊற்றுங்கள். மீடியம் காரத்துக்குப் போனால் லேக்டோன் வளையம் திறந்து சமிக்ஞை செத்துவிடும். உங்கள் சாறு பிஹெச்சை ஏற்றினால் அதுவே போலித் "தடுப்பு".

இன்னொன்று: நாரிஞ்செனின் அகாரில் நகர மாட்டாது, கொழுப்பு விரும்பி. சுத்தப் பொருளுக்கு வட்டு முறையில் வட்டமே வராமல் போகலாம். அதை "விளைவில்லை" என்று எழுதாதீர்கள், திரவத்தில் பாருங்கள்.

#6 இயற்கைவழி

இவ்வளவு பாடு எதற்கு? கிரேப் ஃபுரூட் விதைச் சாறு என்று சொட்டு மருந்து பாட்டிலில் விற்கிறார்கள். 1:1000 நீர்த்தாலும் எல்லாக் கிருமியும் சாகும் என்று போட்டிருக்கிறது. அதையே வாங்கிச் சோதித்தால் புராஜெக்ட் முடிந்தது.

#7 வித்துக்கூடு

அதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது.

1999-இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு ஆய்வாளர்கள் சந்தையில் இருந்த ஆறு விதைச் சாறுகளைப் பரிசோதித்தார்கள். ஐந்து கிருமியை நன்றாகத் தடுத்தன. அந்த ஐந்திலும் பென்சீதோனியம் குளோரைடு இருந்தது. அது செயற்கைக் கிருமிநாசினி. பதப்பொருள் எதுவும் இல்லாத ஆறாவது சாறு ஒன்றும் செய்யவில்லை. 2001-இல் அமெரிக்க வேளாண் துறை வேதியியலாளர்களும் வணிகச் சாறுகளில் அதே பொருளை அடையாளம் கண்டார்கள். பிற்பாடு பென்சால்கோனியம் குளோரைடும் கண்டுபிடிக்கப்பட்டது.

1:1000-இல் எல்லாக் கிருமியும் சாகிறது என்பதே சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. சிட்ரஸ் ஃபிளேவனாய்டு எதுவும் அப்படி நடந்துகொள்ளாது. நான்காம்நிலை அம்மோனியம் அப்படித்தான் நடந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பாசிட்டிவ் முறையில் 412-இல் பென்சீதோனியம் அயனி நிற்கும்.

போகிற போக்கில்: இதை "திராட்சை விதைச் சாறு" என்று தமிழில் போட்டு விற்பதும் நடக்கிறது. கிரேப் வேறு, கிரேப் ஃபுரூட் வேறு. பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பார்படோஸ் தீவில் உருவான பழம் கிரேப் ஃபுரூட். திராட்சைக்கும் அதற்கும் கொடியளவு சம்பந்தம்கூடக் கிடையாது, மரத்தில் கொத்தாகக் காய்ப்பதால் வந்த பெயர் என்பார்கள்.

நீங்களே விதையிலிருந்து லிமோனாய்டு எடுப்பதானால்: 50 டிகிரியில் உலர்த்தி அரைத்து, சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) ஹெக்சேன் விட்டு எண்ணெய் முழுக்கப் போகும்வரை ஓட்டுங்கள். பிறகு எத்தில் அசிட்டேட் அல்லது அசிட்டோன். எண்ணெய் எடுக்காமல் குறுக்குவழியில் போனால் கடைசியில் பிசுபிசுப்புதான் மிஞ்சும், படிகம் வராது. பயோஃபிலிம் சோதனையில் அந்த எண்ணெயே குழிச் சுவரில் படிந்து ஒட்டுதலைக் குறைத்துக் காட்டும்.

#8 இயற்கைவழி

சரி, பாட்டில் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கொல்லாமல் "பலவீனமாக்கி" என்ன லாபம்? உயிரோடுதானே இருக்கும்?

#9 யாழ்_நுண்ணுயிரி

ஈ.கோலை ஓ157:ஹெச்7 இதற்கு நல்ல உதாரணம். அதன் ஷிகா நச்சுக்கான மரபணு ஒரு ஃபேஜுக்குள்ளே (பாக்டீரியாவைத் தொற்றுற வைரஸ்) ஒளிஞ்சிருக்குது. சில ஆன்டிபயாட்டிக் டிஎன்ஏ-யைச் சேதப்படுத்தினா ஃபேஜ் விழிச்சுக்கொண்டு நச்சு இன்னும் கூடும். அதனாலே அந்தத் தொற்றிலே ஆன்டிபயாட்டிக் கொடுக்க டாக்டர்மார் தயங்குவினம். கொல்லாமல் அதன் ஒட்டும் கருவியை மட்டும் முடக்க வழி இருந்தா நல்லதுதானே என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் பின்னணி. சால்மொனெல்லாவிலும் அப்படி: நாரிஞ்செனின் குடல் செல்லுக்குள்ளே நுழையும் ஊசிக் கருவியின் மரபணுத் தொகுதியை அடக்குது, ஓபாகுனோனும் அதையே செய்யுது, ஆனா வேறு பாதையாலே.

"கொல்லாததாலே எதிர்ப்புத்திறன் வராது" என்று மட்டும் எழுதிப்போடாதேங்கோ. 2012-லேயே சூடோமோனாஸுக்கு அடினோசினை மட்டும் உணவாக் கொடுத்து, அதாவது கோரம் சென்சிங் இல்லாட்டிப் பட்டினி என்ற நிலைமையிலே, ஃபுரானோன் தடுப்பானைப் போட்டுப் பார்த்தவை. தடுப்பானை வெளியே தள்ளுற மாறுதலோடு பிழைச்ச செல்கள் வந்தது. அழுத்தம் குறைவு எண்டு சொல்லலாம், இல்லை எண்டு சொல்லேலாது.

பி.கு.: நாங்கள் தோடம்பழம் எண்டா நீங்கள் ஆரஞ்சு, தேசிக்காய் எண்டா எலுமிச்சை. மாதிரி எழுதேக்கை தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதுங்கோ.

#10 ஒளிர்_விப்ரியோ

ஊதாவோடு நிற்காமல் விப்ரியோ ஹார்வேயி (தானே ஒளிரும் கடல் பாக்டீரியா) ஒளிச் சோதனையும் செய்தால் வலு சேரும். அதில் பிபி886 என்ற வகை ஏஐ-1 என்ற சமிக்ஞையை மட்டும் கேட்கும், பிபி170 வகை ஏஐ-2 சமிக்ஞையை மட்டும் கேட்கும். இருட்டறையில் ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பார்த்தால் குடுவை நீலப்பச்சையாக மினுங்கும், குலுக்கினால் இன்னும் எரியும். இறால் குஞ்சுப் பொரிப்பகத் தொட்டிகளில் ராத்திரி மினுங்குவதும் இந்தக் குடும்பம்தான். (மூல இனமான பிபி120-ஐ இப்போது விப்ரியோ கேம்ப்பெல்லி என்று மாற்றிவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் ஹார்வேயி என்றே இருக்கும்.)

ஏபி மீடியம், 30 டிகிரி, இரவுக் கல்ச்சரை 1:5000 நீர்த்து, சமிக்ஞை உள்ள வடிகட்டிய மேல் திரவம் 10 சதவீதம். பிபி170-க்கு, ஏஐ-2 தயாரிக்கும் பிபி152 வகையின் மேல் திரவம். அரை மணிக்கு ஒருமுறை ஒளி. பிபி170 தானும் ஏஐ-2 தயாரிக்கும் என்பதால் வெறும் கட்டுப்பாட்டுக் குழியின் ஒளி அடிமட்டத்தைத் தொடும் நேரத்தில் ஒப்பிட வேண்டும், வழக்கமாக 3 முதல் 5 மணி நேரத்துக்குள். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் படித்தால் எல்லாக் குழியும் ஒன்றுபோல் எரியும்.

மென்_அகார் சொன்ன சர்க்கரை இங்கேதான் கடிக்கும். குளுக்கோஸ் இருந்தால் ஒளி மரபணு தானாகவே அடங்கும், கோரம் சென்சிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாற்றை சி18 அல்லது எக்ஸ்ஏடி பிசின் நிரப்பிய குழாயில் ஏற்றி, சர்க்கரை போகும்வரை தண்ணீரில் கழுவி, மெத்தனாலில் இறக்குங்கள். கழுவிய தண்ணீரைத் தூக்கிப் போடாதீர்கள், அதையும் சோதனையில் ஒரு குழியாக வையுங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்றை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் கல்ச்சரில் மருந்தை விட்டு, முதல் பத்து நிமிடம் ஒளியைப் பாருங்கள். சமிக்ஞையைத் தடுத்தால் ஒளி மெதுவாகத்தான் குறைய வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே உருவான லூசிஃபரேஸ் (ஒளி தரும் என்சைம்) இன்னும் அங்கே இருக்கிறது. போட்ட மாத்திரத்தில் விழுந்தால் நீங்கள் லூசிஃபரேஸையோ செல்லின் ஆற்றலையோ தொட்டுவிட்டீர்கள். குவெர்செட்டின் மாதிரி எல்லாச் சோதனையிலும் "வேலை செய்யும்" ஃபிளேவனாய்டுகளிடம் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்கட்டும். அது மீடியத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கக்கூடிய ஆள்.

#11 தோல்_சீவி

மருந்து எங்கே போய் உட்காருகிறது என்று எழுத வேண்டுமா? நாரிஞ்செனின் ஏற்பியில் சமிக்ஞையின் இடத்தைப் பிடிக்கிறது என்று ஒரு கட்டுரை, பிடிக்கவில்லை என்று இன்னொன்று.

#12 வித்துக்கூடு

இரண்டும் சூடோமோனாஸின் லாஸ்ஆர் என்ற சமிக்ஞை ஏற்பி பற்றியவை. 2017-இல் பிரின்ஸ்டன் குழு, ஃபிளேவனாய்டுகள் சமிக்ஞையோடு போட்டி போடவில்லை, வேறிடத்தில் உட்கார்ந்து ஏற்பி டிஎன்ஏ-யில் இணைவதைத் தடுக்கின்றன என்றது. 2020-இல் ஸ்பெயின் குழு, போட்டிதான், ஆனால் நேரத்தைப் பொறுத்தது என்றது: புதிதாக உருவாகும் லாஸ்ஆர் புரதத்தில் சமிக்ஞைக்கு முன்னால் நாரிஞ்செனின் போய்ச் சேர்ந்தால் தடுக்கும், சமிக்ஞை ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டால் அசைக்க முடியாது.

எனக்கு இரண்டாவதன் நடைமுறைப் பக்கம்தான் பெரிது. மருந்தைத் தொடக்கத்திலேயே போடுவதும் 6 மணி நேரம் கழித்துப் போடுவதும் வேறு வேறு சோதனை. இரண்டையும் செய்யுங்கள். கணினியில் டாக்கிங் (மூலக்கூறு ஏற்பியில் எங்கே பொருந்தும் என்ற கணக்கீடு) படம் போட்டு "பிணைப்பு உறுதி" என்று முடிக்காதீர்கள், டாக்கிங்கில் எது வேண்டுமானாலும் எதிலும் உட்காரும்.

#13 மென்_அகார்

பயோஃபிலிமுக்குச் சுருக்கமாக. இரவுக் கல்ச்சரை 1:100 நீர்த்து, குழிக்கு 200 மைக்ரோலிட்டர், 24 மணி அசையாமல். ஓரக் குழிகளில் கல்ச்சர் வேண்டாம், வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், ஆவியாவது அங்கேதான். கொட்டுமுன் ஓடி 600. பிறகு தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அமிழ்த்தி மூன்று முறை கழுவுங்கள், பிப்பெட்டால் பீய்ச்சினால் படலம் உரியும். உலர்த்தி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் 225 மைக்ரோலிட்டர், 15 நிமிடம். கல்ச்சரைவிடச் சாயம் கொஞ்சம் அதிகம் வேண்டும், ஏனெனில் தடித்த வளையம் திரவமும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் இருக்கும். கழுவி உலர்த்தி, 33 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைத்து 570-இல் படியுங்கள்.

மருந்து மட்டும், பாக்டீரியா இல்லாத குழிகளையும் சாயமேற்றுங்கள். நாரிஞ்செனின் ஊசிகள் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு படலம் மாதிரி நடிக்கும். ஓ157 என்றால் இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு அறை கட்டாயம். வழிகாட்டிப் பேராசிரியர் அனுமதிக்காவிட்டால் நோய் தராத கே-12 வகையில் நல்ல படலம் கட்டும் ஒன்றைக் கேளுங்கள். எல்லா ஈ.கோலையும் படலம் கட்டாது, முதலில் வெறும் தட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

#14 இயற்கைவழி

கடைசியாக ஒன்று. தினம் பம்பளிமாஸ் சாப்பிட்டால் இந்தப் பலன் கிடைக்குமா?

#15 ஒளிர்_விப்ரியோ

தட்டில் 100, 200 மைக்ரோமோலார் பேசுகிறோம். சாறு குடித்தபின் ரத்தத்தில் நாரிஞ்செனின் சில மைக்ரோமோலார் அளவுக்குத்தான் வரும், அதிலும் பெரும்பகுதி உடல் வேறு மூலக்கூறோடு கட்டிவிட்ட வடிவம். குடலுக்குள் செறிவு கூடுதலாக இருக்கலாம், அதற்கு மேல் இப்போதைக்கு எழுத இடமில்லை. உணவுத் தொழிற்சாலையில் பாத்திரச் சுவரில் படலம் கட்டாமல் பார்ப்பது போன்ற பயன்பாடு இதைவிட நெருக்கமானது.

ஆனால் எச்சரிக்கை வேண்டும். பெர்கமாட்டின், டைஹைட்ராக்சிபெர்கமாட்டின் என்ற ஃபுரானோகூமரின்கள் கிரேப் ஃபுரூட்டில் இருக்கின்றன. ஏஐ-1, ஏஐ-2 இரண்டையும் தடுப்பதாக 2008-இல் வந்த ஆய்வின் நாயகர்கள் இவர்களே. குடல் சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்சைமை முடக்குவதும் இவர்களே. ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு கிரேப் ஃபுரூட் சாறு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்தளவு எகிறுகிறது என்று 1991-இல் கனடாவிலிருந்து வந்த அறிக்கையோடு இது வெளிச்சத்துக்கு வந்தது. முடங்கிய என்சைம் திரும்பாது, புதிதாக உருவாக வேண்டும், அதனால் ஒரு நாளைக்கு மேலும் விளைவு நிற்கும். பம்பளிமாஸிலும் இவை உண்டு. சாத்துக்குடியில் பெரும்பாலும் கிடையாது. அழுத்த மாத்திரை, சில கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

தோல்_சீவிக்கு இதில் ஒரு வேலையும் இருக்கிறது: உங்கள் தோல் சாற்றில் ஃபுரானோகூமரின் இருக்கிறதா என்று 310 நானோமீட்டரில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். இருந்தால் தடுத்தது நாரிஞ்சினா அவையா என்ற கேள்வி வரும்.

#16 தோல்_சீவி

தட்டு வரைபடத்தை மாற்றிவிட்டேன்: டிஎம்எஸ்ஓ, மீடியம் மட்டும், மருந்து மட்டும், நாரிஞ்சின், நாரிஞ்செனின், சர்க்கரை நீக்கிய சாறு, கழுவிய தண்ணீர், சாற்றின் பிஹெச்சுக்குச் சரிசெய்த மீடியம். ஒவ்வொன்றும் மூன்று குழி, மூன்று தனித்தனி நாள்.

#17 மென்_அகார்

மூன்று குழி ஒரு எண்தான், மூன்று நாள்தான் மூன்று எண். புள்ளியியலில் 9 என்று போட்டுவிடாதீர்கள். நேரம் தள்ளிப் போடும் குழிகளுக்கும் இரண்டு வரிசை ஒதுக்குங்கள்.